தறி நின்ற நேரம்

எங்கள் வீதியில் நாற்பத்தாறு தறி ஓடுகிறது.
சோமனூர்ப் பக்கம் புதிதாக வருகிறவர்கள்
காதைப் பொத்திக்கொள்வார்கள்.
எங்களுக்கு அது சத்தமே இல்லை.
குழந்தைகள் அதில்தான் தூங்கும்,
நின்றால் எழுந்து அழும்.

பேச்சை உதடு பார்த்தே படித்துவிடுவோம்.
சோறாச்சா, தார் தீந்துருச்சா, பாவு எப்ப வருது.
வசந்தாமணி உதட்டில் நான் படித்தது:
"வழுக்கி உழுந்துட்டனுங்க்கா."
ஓரம் கிழிந்திருந்ததால்
வார்த்தை கொஞ்சம் கோணலாக வந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ட்ரான்ஸ்பார்மர் வெடித்து
நாற்பத்தாறும் ஒன்றாக நின்றது.
அப்போதுதான் கேட்டது.
பெரிய சத்தம் இல்லை.
பெல்ட், பிறகு எண்ணுகிற மாதிரி ஓர் இடைவெளி,
பிறகு பெல்ட்.
"புள்ளைக எந்திரிச்சுக்குமுங்க" என்றாள்.
அடிக்கிறவனுக்கும் ஒரு 'ங்க'.

வீதி முழுக்க வாசலில் நின்றோம்.
ஒருவர் டார்ச்சை அணைத்தார்.
ஒருவர் இருமினார்.
"புருசன் பொஞ்சாதி சமாச்சாரம்" என்றது
இருட்டில் ஒரு குரல்.
என் குரலாகக்கூட இருக்கலாம்.
கரண்ட் வந்ததும் உள்ளே ஓடினோம்.
தறி போட அவ்வளவு அவசரம்
எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அவன் குடிக்கிறவன் இல்லை.
கோயில் கமிட்டிக்கு வரவு செலவு எழுதுகிறவன்.
கோபக்காரன் என்பார்கள்.
கூலியைக் குறைத்த முதலாளி முன்னால்
அந்தக் கோபம் ஒருநாளும் வந்ததில்லை,
சிரித்துக்கொண்டு நின்றான், பார்த்திருக்கிறேன்.
அவள் போன் அவன் சட்டைப் பையில்.
அவள் கூலியும்.
அம்மா ஊருக்கு அவள் பஸ் ஏறி மூன்று வருசம்.
இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.
சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை
ஒட்டுச் சுவரில் கை வைத்தேன்.
தறி அதிர்வுக்குள் வேறோர் அதிர்வு.
என் நாலு தறியையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.
மற்றவை ஓடிக்கொண்டுதான் இருந்தன,
ஆனால் அந்தச் சுவருக்கு என் நாலுதான் கணக்கு.

வெளியே வந்தான்.
"கரண்ட் போயிருச்சுங்களா?"
"இல்லீங். கரண்ட் இருக்குதுங்."
"அப்பறம் எதுக்கு நிறுத்துனீங்?"
"காது கேக்கோணும்னுட்டுதானுங்."
என் முழங்கால் ஆடியதைச் சேலை மறைத்தது.

மூன்றாம் நாள் தார்க்குச்சி கேட்கிற சாக்கில் வந்தாள்.
என் போனைக் கொடுத்தேன்.
ஒன்று எட்டு ஒன்று.
குளியலறைக்குள் போய்ப் பேசினாள்,
கதவில் சாய்ந்து நின்றேன் நான்.
அந்தப் பக்கத்துப் பெண் முதலில் கேட்டதாம்:
"இப்ப பேச முடியுமா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"
நீ என்ன பண்ணினே என்று கேட்கவில்லையாம்.
அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மார்கழியில் போனாள்.
தைநோம்பிக்குத் திரும்பி வந்துவிட்டாள்.
வீதி சிரித்தது. எனக்கும் கோபம்.
போனில் பேசிய பெண்ணுக்கு மட்டும் கோபமில்லை,
எப்ப வேணாலும் கூப்பிடுங்க என்றாளாம்.

மாசியில் மறுபடி,
கோன் நூல் வந்த சாக்குப் பையில்
ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று,
'வழுக்கி விழுந்தார்' என்று எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டு.
அதையும் கொண்டுவரச் சொன்னாராம் பாதுகாப்பு அலுவலர்.
வீடு அவன் பேரில் இருந்தாலும்
அவன் இஷ்டத்துக்கு உங்களை வெளியே தள்ள முடியாது என்றாராம்.
அதை நம்ப அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

வழக்கு வாய்தா வாய்தாவாக நடக்கிறது.
நான் இப்போதும் ராத்திரி ஒன்பதரைக்கு
நாலு தறியையும் பத்து நிமிசம் நிறுத்துகிறேன்.
வாரக் கணக்கில் மீட்டர் குறைகிறது.
காடாத் துணி அளக்கிறவர் ஏன் என்கிறார்.
பாவு அறுந்துருச்சுங் என்கிறேன்.
பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு பார்க்கிறார்:
"தெனமும் அதே நேரத்துக்குங்களா அறும்?"